பேஸ் கிட்டாரில் 'தும்' எங்கே இருக்கிறது?

என் அக்கா மகன் மயிலாடுதுறையில் பாலிடெக்னிக் படிக்கிறான். போன தீபாவளிக்கு வந்தவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தான். "மாமா, பேஸ் கிட்டார் வாங்கப் போறேன். அஞ்சு கம்பி, ஆக்டிவ். அதுலதான் அந்த 'தும்'முனு சத்தம் வருமாம்."

"யாருடா சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

எல்லோரும் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். கும்பகோணம், திருவாரூர், நாகை என்று டெல்டா முழுக்கத் திருவிழா இன்னிசைக் கச்சேரிகளில் பல வருடமாக பேஸ் வாசிக்கிறேன். மரம்தான் முக்கியம் என்பார் ஒருவர். மரமெல்லாம் சும்மா, வாட்ஸைப் பாருங்கள் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் வெற்றிலையை மடிப்பார். மைக்செட்காரரோ, "பேஸைக் கூட்டி விடுறேன் சார்" என்று ஒரு குமிழைத் திருகிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இவர்கள் சொல்வதில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் உண்டு. எது எவ்வளவு என்பதில்தான் குழப்பம். அக்கா மகனுக்கு அன்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிட்டாரைத் தொட்டே பார்க்காதவருக்கும் புரியவேண்டும் என்பது என் ஆசை.

'பேஸ்' வேறு, பேஸ் கிட்டார் வேறு

காரிலும் ஹோம் தியேட்டரிலும் 'பேஸ்' என்றால் நெஞ்சில் இடிக்கும் தாழ்ந்த சத்தம். பேஸ் கிட்டார் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் வாத்தியம் என்பதால், அதிலிருந்து வருவது முழுக்க அந்த இடிச் சத்தம்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிடித்து இழுத்து விட்டால் கயிறு முழுதும் ஒரே வளைவாக மேலும் கீழும் ஆடும். ஒரு முனையை அவிழ்த்துக் கையில் பிடித்து வேகமாக உதறினால் அதே கயிறு இரண்டு வளைவாக ஆடும். இன்னும் வேகமாக உதறினால் மூன்று. கயிறு ஒரு நேரத்தில் ஒரு மாதிரிதான் ஆடுவதுபோலத் தெரியும். ஆனால் இழுத்துக் கட்டிய கிட்டார் கம்பியை மீட்டினால் இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்.

பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளுக்கு ஈ, ஏ, டி, ஜி என்று பெயர். தடிமனான ஈ கம்பி முழு நீளத்துக்கும் ஒரு விநாடியில் சுமார் 41 முறை ஆடுகிறது. ஒரு விநாடிக்கு இத்தனை முறை என்ற இந்தக் கணக்குக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர். அந்த 41 ஹெர்ட்ஸ்தான் அடிப்படைச் சுரம். அதே நேரத்தில் கம்பி பாதி பாதியாக 82 முறையும், மூன்று பங்காக 123 முறையும், நான்கு பங்காக 164 முறையும் ஆடிக்கொண்டிருக்கும். மேலே மேலே அடுக்கிக்கொண்டு போகும் இவை மேற்சுரங்கள்.

வீணையும் நாதஸ்வரமும் ஒரே ஸட்ஜத்தைப் பிடித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? சுரம் ஒன்றுதான். அது தொடங்குகிற விதத்திலும், எந்த மேற்சுரம் எவ்வளவு என்ற கலவையிலும்தான் வித்தியாசம். நாம் 'டோன்' என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கலவையைத்தான்.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஆடி மாதம் விடியற்காலையில் மாரியம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு போடுகிறார்கள். அந்தக் கூம்பால் 41 ஹெர்ட்ஸைக் கொடுக்கவே முடியாது, 100 ஹெர்ட்ஸ்கூடச் சிரமம். ஆனாலும் பாட்டில் பேஸ் எப்படி நகர்கிறது என்பதைப் படுக்கையில் இருந்தபடியே தொடர முடிகிறது. மேற்சுரங்களில் சில காதுக்கு வந்து சேர்ந்தால் போதும். இவற்றுக்கு நடுவே இருக்கும் சமமான இடைவெளியைப் பார்த்து, அடியில் 41 இருந்திருக்க வேண்டும் என்று மூளையே நிரப்பிக்கொள்ளும். மொபைல் போன் ஸ்பீக்கரில் நடப்பதும் இதுதான்.

பேஸ் கிட்டாரின் சுரத்தை நமக்கு அடையாளம் காட்டுவதில் பெரும்பங்கு மேற்சுரங்களுடையது என்று இதிலிருந்து தெரிகிறது. அடியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் சத்தம் பெரிதாகும், சுரம் மறைந்துவிடும். கச்சேரியில் 'கும்கும்' என்று ஏதோ உருளுகிறது, என்ன வாசிக்கிறார் என்று தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கல்லணையிலிருந்து கடைமடை வரை

சரி, இந்தக் கலவையை யார் முடிவு செய்கிறார்கள்? வரிசையாக ஏழு பேர்: விரல், கம்பி, கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப், கிட்டாரின் குமிழ்கள், அந்த மின்சாரத்தைப் பெருக்கும் ஆம்ப், ஸ்பீக்கர், கடைசியில் வாசிக்கிற இடம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேட்டூரில் திறந்து, கல்லணையில் பிரிந்து, ஆறு, வாய்க்கால் என்று ஓடி வயலுக்கு வருகிறது தண்ணீர். தலைமடையில் வராத தண்ணீரைக் கடைமடையில் யாராலும் திறந்துவிட முடியாது. நடுவில் ஒரு மதகு அடைத்திருந்தால் தலைமடையில் கரைபுரண்டாலும் பயனில்லை. கம்பியில் பிறக்காத மேற்சுரத்தை ஆம்பில் தேடிப் பயனில்லை. ஸ்பீக்கரால் கொடுக்க முடியாத அடியைக் கிட்டாரில் கூட்டியும் பயனில்லை.

ஆகவே, பணம் செலவழிக்கும்போது தலைமடையிலிருந்து தொடங்குவது நல்லது. பெரும்பாலானவர்கள் நேர் எதிராகச் செய்கிறார்கள்.

காசு கேட்காத முதல் கருவி

கிட்டாரின் கீழ்முனையில் கம்பிகள் உட்காரும் துண்டை வீணைக்காரர்கள் பாணியில் குதிரை என்றே சொல்கிறேன். குதிரைக்குப் பக்கத்தில் மீட்டினால் கம்பி விறைப்பாக இருக்கும். அங்கே அடிப்படைச் சுரம் அதிகம் கிளம்பாது, மேற்சுரங்கள் மேலோங்கும். சத்தம் இறுக்கமாக, கொஞ்சம் மூக்கால் பேசுவதுபோல் வரும். கழுத்துப் பக்கம் நகர்ந்து மீட்டினால் உருண்டையாக, ஆழமாக வரும். கொடிக்கயிற்றை நடுவில் இழுப்பதற்கும் தூணுக்குப் பக்கத்தில் இழுப்பதற்கும் உள்ள அதே வித்தியாசம்.

எதனால் மீட்டுகிறோம் என்பதும் அப்படித்தான். தவில்காரர் வலந்தலையில் விரலுக்குக் கூடு போட்டு அடிக்கிறார், தொப்பியில் கழியால் அடிக்கிறார். கூடு இல்லாத வெறும் விரலால் தட்டினால் அந்தப் 'பளீர்' வராது. பேஸிலும் விரல் நுனிச் சதை பட்டால் மென்மை, பிக் என்கிற பிளாஸ்டிக் சில்லு பட்டால் கூர்மை. கழுத்தில் வீணையின் மெட்டு மாதிரிப் பதித்திருக்கும் உலோகப் பட்டைக்கு ஃபிரெட் என்று பெயர். கட்டைவிரலால் கம்பியை அந்த ஃபிரெட் மேல் அறையும் ஸ்லாப் முறையில் உலோகச் சத்தம் கேட்கும். உள்ளங்கை ஓரத்தைக் குதிரை மேல் லேசாக வைத்துக்கொண்டு மீட்டினால் சுரம் சட்டென்று அடங்கி, பழைய பாட்டுகளின் 'தும்' கேட்கும்.

அக்கா மகன் தேடிய 'தும்' இதுதான். ஐந்தாவது கம்பிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. என் நாலு கம்பிக் கிட்டாரிலேயே உள்ளங்கையை வைத்து வாசித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தான். "அப்ப ஆக்டிவ்?" என்றான் அப்புறம். வருகிறேன் இரு என்றேன்.

அமெரிக்காவில் மோட்டவுன் கம்பெனியின் ஸ்டூடியோவில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்து மீட்டியவர். உலகம் முழுக்க பேஸ் வாசிப்பவர்கள் இன்றும் அந்த டோனைத் தேடி அலைகிறார்கள்.

கம்பி: குறைந்த செலவில் பெரிய மாற்றம்

கிட்டாரை மாற்ற வேண்டும் என்று சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கம்பியை மாற்றினாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

பேஸ் கம்பி ஒற்றைக் கம்பி அல்ல. நடுவில் ஒரு எஃகுக் கம்பி, அதன் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றியிருப்பார்கள். சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் மேல்பரப்பில் வரிவரியாகக் கோடு தெரியும். அது ரவுண்ட்வவுண்ட். சுற்றுவது தட்டையான பட்டையாக இருந்தால் வழவழப்பாக இருக்கும். அது ஃபிளாட்வவுண்ட்.

ரவுண்ட்வவுண்டில் மேற்சுரங்கள் அதிகமாகவும் நீண்ட நேரமும் ஒலிக்கும். பளபளப்பான, பியானோவின் அடிக்கட்டை போன்ற சத்தம். விரல் நகரும்போது ஒரு 'சர்ர்' கூடவே வரும். ஸ்லாப், ராக், வேகமான நடன மெட்டுகள் எல்லாம் இதில்தான் எடுப்பாக இருக்கும். 1960களின் நடுவில் இங்கிலாந்தில் 'தி ஹூ' ராக் குழுவில் பேஸ் வாசித்த ஜான் என்ட்விஸிலும் கம்பி செய்யும் ரோட்டோசவுண்ட் கம்பெனியும் சேர்ந்து இந்த வகைக் கம்பியைச் செம்மைப்படுத்திய பிறகுதான் பேஸின் குரல் முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தது.

ஃபிளாட்வவுண்டில் மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கிவிடும். மிஞ்சுவது அடியும் அதற்குச் சற்று மேலே உள்ள பகுதியும். பழைய மெல்லிசை, ஜாஸ், தேவாலயப் பாடல்கள் ஆகியவற்றில் பாடகருக்கு வழிவிட்டு அடியில் நிற்கும் சத்தம் வேண்டுமென்றால் இதுதான். ஜேமர்சன் வாசித்ததும் தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பிதான். அறுந்தால் ஒழிய அவர் மாற்றவே மாட்டார் என்று சொல்வார்கள்.

இரண்டுக்கும் நடுவே, ரவுண்ட்வவுண்டின் மேற்பரப்பை இழைத்துச் செய்யும் கம்பியும் உண்டு, கறுப்பு நைலான் சுற்றிய கம்பியும் உண்டு. தொடக்கத்தில் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

டெல்டாவில் வாசிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ரவுண்ட்வவுண்டின் வரிகளுக்குள் வியர்வையும் அழுக்கும் போய் உட்காரும்போது முதலில் சாவது மேற்சுரங்கள்தான். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் எங்கே பார்த்தாலும் ஈரம். புதுக் கம்பியின் பளபளப்பு சில வாரங்களில் போய்விடும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் மேலும் துடைத்துவிட்டுப் பையில் வையுங்கள். அதற்கே ஆயுள் கணிசமாகக் கூடும். ஃபிளாட்வவுண்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. என் திருவிழாக் கிட்டாரில் நான் ஃபிளாட் போட்டிருப்பதற்கு இசைக் காரணம் பாதி, சோம்பேறித்தனம் பாதி.

பிக்கப்: கம்பிக்குக் கீழே ஒரு டைனமோ

பழைய சைக்கிளில் டைனமோ வைத்திருந்த ஞாபகம் உங்களுக்கு இருக்கலாம். கம்பிச்சுருளுக்குள் காந்தம் சுழன்றால் மின்சாரம் வரும், முன்விளக்கு எரியும். கிட்டாரின் பிக்கப்பும் அதே சங்கதிதான். காந்தத்தின் மேல் மெல்லிய செம்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிக் கம்பிகளுக்குக் கீழே பதித்திருப்பார்கள். இங்கே காந்தம் அசையாது. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, செம்புச்சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. பிக்கப்பைப் பொறுத்தவரை காற்றில் வரும் சத்தம் என்று ஒன்று இல்லை. அதற்குத் தெரிந்தது தன் தலைக்கு மேலே கம்பி எப்படி ஆடுகிறது என்பது மட்டும்தான்.

ஆகவே, அது எங்கே பதிக்கப்பட்டிருக்கிறது என்பது முக்கியமாகிவிடுகிறது. குதிரைக்குப் பக்கத்தில் இருந்தால் இறுக்கமான சத்தம், கழுத்துப் பக்கம் இருந்தால் ஆழமான சத்தம். விரலுக்குச் சொன்ன கணக்கேதான்.

கடையில் தொங்கும் பேஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை மூன்று மூதாதைகளின் வழி வந்தவை. அமெரிக்காவில் கிட்டார் செய்த லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் முதல் மூதாதை. 1957 முதல் அதன் பிக்கப் இரண்டு துண்டாகப் பிரிந்து நடுவில் இருக்கிறது. கெட்டியான, நேரான சத்தம். எந்தக் கூட்டத்திலும் காணாமல் போகாது. இரண்டாவது 1960இல் வந்த ஜாஸ் பேஸ். கழுத்துப் பக்கம் ஒன்று, குதிரைப் பக்கம் ஒன்று என இரண்டு பிக்கப்புகள், இரண்டையும் விருப்பப்படி கலக்கலாம். மூன்றாவது 1976இல் மியூசிக் மேன் வெளியிட்ட ஸ்டிங்ரே. குதிரைப் பக்கம் ஒரே ஒரு பெரிய பிக்கப், உள்ளே பேட்டரி. முகத்தில் அறைவதுபோன்ற சத்தம்.

இங்கே ஒரு திருவிழாப் பிரச்சினையைச் சொல்லாமல் போக முடியாது. செம்புச்சுருள் கம்பியின் அசைவை மட்டுமா பிடிக்கும்? சுற்றிலும் இருக்கும் மின்சாரத்தின் அலையையும் பிடிக்கும். தலைக்கு மேலே சீரியல் லைட், பக்கத்தில் ஜெனரேட்டர், மேடையில் டிம்மர் என்றால் ஒற்றைச் சுருள் பிக்கப் 'ஊம்ம்' என்று முனகத் தொடங்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆக, கரண்டும் கிட்டத்தட்ட ஜி சுருதியில்தான் பாடுகிறது, கொஞ்சம் ஏறலாக.

மருந்து, எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள். முனகல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் சத்தம் மட்டும் மிஞ்சும். ஹம்பக்கர் என்பது இதுதான். பிரிசிஷன் பேஸின் இரண்டு துண்டுகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகளையும் சம அளவில் திறந்து வைத்தால் முனகல் அடங்கும், ஒன்றை மூடினால் திரும்ப வரும். மேடையில் இது தெரியாமல் மைக்செட்காரரோடு சண்டை போட்ட ஆட்களில் நானும் ஒருவன்.

விரல், கம்பி, பிக்கப் இருக்கும் இடம் என்று இதுவரை பார்த்த மூன்றும் சேர்ந்து கலவையின் பெரும்பகுதியை முடிவு செய்துவிடுகின்றன. இனி வருபவை அதைத் திருத்தலாம், பெரிதாக்கலாம்.

"என்ன மரம்?"

தஞ்சாவூர்ப் பக்கம் எந்த வாத்தியத்தைக் காட்டினாலும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. அவர்கள் கேட்பதில் தப்பில்லை. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாமரம், நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு ஆச்சாமரம் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் செய்த மண். வீணையில் குடமே அதிர்ந்து காற்றை அசைக்கிறது. மரம் மாறினால் சத்தம் மாறியே தீரும்.

பேஸ் கிட்டாரின் உடல் பெரும்பாலும் குடைவில்லாத கட்டை. நமக்குக் கேட்கும் சத்தம் மரத்திலிருந்து வருவதில்லை, பிக்கப்பிலிருந்து வருகிறது. மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றி வாத்தியக்காரர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் கம்பியையோ பிக்கப்பையோ மாற்றினால் வரும் வித்தியாசத்துக்குப் பக்கத்தில் அது மிகச் சிறியது. தொடங்குகிறவர் மரத்தில் பார்க்கவேண்டியது இரண்டு: மூன்று மணி நேரம் தோளில் தாங்குமா, கழுத்து நேராக இருக்கிறதா. குடைவான உடல்கொண்ட பேஸ்கள் வேறு ஜாதி, அவற்றில் இந்தக் கணக்கு மாறும்.

மதகும் மோட்டாரும்

இப்போது அந்த ஆக்டிவ் விஷயம். சாதாரணக் கிட்டாரில் இருக்கும் டோன் குமிழ் ஒரு மதகு மாதிரி. மேற்சுரங்களை அடைத்துக் குறைக்கலாம், முழுக்கத் திறந்துவிடலாம். வருவதைவிட அதிகமாகக் கொடுக்க அதனால் ஆகாது. இது பாஸிவ். உள்ளே ஒரு சிறிய மின்சுற்றும் 9 வோல்ட் பேட்டரியும் இருந்தால் அடியையோ மேலையோ இழுத்துக் கூட்டவும் முடியும். மதகுக்குப் பக்கத்தில் மோட்டார் வைத்த மாதிரி. இது ஆக்டிவ்.

மோட்டார் வைத்தால் மட்டும் நல்ல விளைச்சல் வந்துவிடாது என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக ஆக்டிவ் வாங்குகிறவர்கள் எல்லாக் குமிழையும் வலது கோடிவரை திருகிவைப்பார்கள். அடி பெருகிச் சேறாகும். என் சிபாரிசு: எல்லாவற்றையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள், தேவைப்பட்டால் கொஞ்சம் குறையுங்கள், கூட்டுவது கடைசி.

அப்புறம் அந்தப் பேட்டரி. பல ஆக்டிவ் கிட்டார்களில் கேபிளைச் செருகி வைத்திருந்தாலே பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும். இது தெரியாத காலத்தில் மாசி மகக் கச்சேரிக்கு முதல் நாள் ராத்திரி கேபிளை உருவாமல் தூங்கிவிட்டேன். மறுநாள் மூன்றாவது பாட்டில் என் சத்தம் கரகரத்து, நைந்து, நின்றேவிட்டது. தபலாக்காரர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஐந்தாவது கம்பி, நீளம், ஃபிரெட் இல்லாதது

ஐந்தாவது கம்பி பி. சுமார் 31 ஹெர்ட்ஸ். நம் ஊர்த் திருவிழா ஸ்பீக்கர்கள் பலவற்றால் அதன் அடிப்படைச் சுரத்தைத் தொடக்கூட முடியாது. அப்படியானால் வீணா? இல்லை. பாடகரின் சுருதி டி, சி என்று இறங்கும்போது கீழே ஒரு இடம் கிடைக்கும், கையை அதிகம் நகர்த்தாமல் வாசிக்கலாம். வசதிக்காக வாங்குங்கள், இடிக்காக வேண்டாம். கழுத்தும் அகலமாகும் என்பதால் முதல் கிட்டாருக்கு நான்கு போதும்.

கம்பி அதிரும் நீளம் வழக்கமாக 34 அங்குலம். 30 அங்குலத்திலும் உண்டு. நாதஸ்வரத்தில் குட்டையான திமிரியும் நீளமான பாரியும் இருப்பதை நினைத்துக்கொண்டு குழம்பிவிடாதீர்கள். அங்கே நீளம் கூடினால் சுருதி இறங்கும். இங்கே இரண்டுக்கும் சுருதி ஒன்றுதான், இழுவிசை மாறுகிறது. குட்டைக் கிட்டாரில் கம்பி தளர்வாக இருக்கும், சத்தம் கொழகொழவென்று இனிமையாக வரும், சின்னக் கைகளுக்குச் சுலபம். வயலின் வடிவத்தில் இருக்கும் ஹாஃப்னர் பேஸ் இந்த ரகம்.

ஃபிரெட்டே இல்லாத பேஸும் உண்டு. வீணைக்குப் பக்கத்தில் கோட்டுவாத்தியம் மாதிரி. திருவிடைமருதூர் சகாராம ராவ் அந்த வாத்தியத்துக்கு மறுவாழ்வு கொடுத்த ஊர் இது என்பதால், ஃபிரெட் தடுக்காமல் சுரம் வழுக்கி ஓடும் அழகை நமக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃபிரெட்டுகளைப் பிடுங்கிய ஜாஸ் பேஸில் இதைச் செய்தார். குதிரைப் பக்கப் பிக்கப், குதிரைப் பக்கத்திலேயே விரல், ரவுண்ட்வவுண்ட் கம்பி. மேலே படித்ததை வைத்து அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துவிடலாம்.

வாட்ஸ் கணக்கு

100 வாட்ஸைவிட 200 வாட்ஸ் இரண்டு மடங்கு சத்தம் என்று நினைப்பது இயல்பு. காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் கொஞ்சம் கூடியதுபோலத்தான் தெரியும். இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குப் பட வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

தாழ்ந்த சுரத்துக்கு இன்னும் கஷ்டம். நம் காது 40 ஹெர்ட்ஸில் மந்தம், அதைக் கேட்கவைக்க ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். லீட் கிட்டாருக்கு 30 வாட்ஸ் போதும் என்கிற மேடையில் பேஸுக்கு 200, 300 தேவைப்படுவது இதனால்தான். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. ஆம்ப் 300 வாட்ஸும், பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டியுமாக ஒரு பீரோ மாதிரி நின்றது. லீட் கிட்டாருக்கான சின்ன ஆம்பில் பேஸைச் செருகிச் சத்தமாக வாசிக்காதீர்கள், ஸ்பீக்கரின் கோன் கிழியும். கிழித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

ஸ்பீக்கரில் 15 அங்குலம் என்றால் ஆழம், 10 என்றால் கூர்மை என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெட்டியின் அமைப்பு சரியாக இருந்தால் பத்து அங்குல ஸ்பீக்கர்களும் நன்றாகவே ஆழம் போகும். அங்குலத்தை எண்ணாமல் காதால் கேட்டு வாங்குங்கள்.

உண்மையில் நம் பக்கத்துத் திருவிழா மேடைகளில் ஜனங்கள் கேட்பது உங்கள் ஆம்பை அல்ல. கேபிள் நேரே மிக்ஸருக்குப் போகிறது. அதனால் வீட்டுப் பயிற்சிக்கு ஒரு சின்ன பேஸ் ஆம்ப் போதும். மிச்சப் பணத்தில் டி.ஐ. பாக்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். கிட்டாரின் பலவீனமான மின்சாரம் நீளமான கேபிளில் போனால் மேற்சுரங்களை இழக்கும், இரைச்சலை ஏற்றிக்கொள்ளும். டி.ஐ. பாக்ஸ் அதை நெடுந்தூரம் தாங்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். மேடையிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளித் தேரடியில் மிக்ஸர் இருந்தாலும் கவலையில்லை.

மைக்செட்காரரிடம் என்ன சொல்வது? பல மிக்ஸர்களில் 'லோ' குமிழ் 80 ஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும். கிக் டிரம்மும் ரிதம் பேடும் குடியிருப்பதும் அதே தெருவில்தான். "அண்ணே, லோவைக் கொஞ்சம் இறக்கி, மிட்டை ஒரு சுண்டு ஏத்துங்க" என்று கேளுங்கள். லோ என்றால் அடி, மிட் என்றால் நடுப்பகுதிச் சத்தம். மிட் எந்த ஹெர்ட்ஸில் வேலை செய்யவேண்டும் என்பதை நகர்த்த முடிகிற மிக்ஸராக இருந்தால் 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை எங்கேயாவது நிறுத்தச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும். கச்சேரிக்குள் சுரம் பளிச்சென்று தெரியும்.

கல்யாண மண்டபமும் திறந்த வயலும்

ஈ கம்பியின் ஒரு ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். நான்கு சுவருக்குள் அது முட்டி மோதித் திரும்பும்போது சில இடங்களில் குவியும், சில இடங்களில் காணாமல் போகும். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் இடி, பெண் வீட்டார் வரிசையில் ஒன்றுமில்லை என்று ஆவது இதனால்தான். மூலையில் ஸ்பீக்கரை வைத்தால் அடி கூடும். மண்டபத்தில் அடியைக் குறைத்து, உள்ளங்கையால் அடக்கி, குறைவாக வாசியுங்கள். அறுவடை முடிந்த வயலில் மேடை போட்டிருந்தால் தாராளமாக விடலாம், திருப்பி அனுப்பச் சுவரே இல்லை.

கடைக்குப் போகும்போது

முதலில் உங்களுக்குப் பிடித்த ஐந்து பாட்டுகளை ஹெட்போனில் கேட்டு, பேஸ் நீண்டு ஒலிக்கிறதா, சட்டென்று அடங்குகிறதா, பளபளக்கிறதா, மந்தமாக இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கம்பெனிப் பெயரைக் கேட்பதைவிட அந்தத் தாளைக் காட்டுவது மேல். கடையில் தொங்கும் கிட்டாரில் ரவுண்ட்வவுண்ட் கம்பிதான் இருக்கும், அதுவும் மாதக்கணக்கில் துருவேறியிருக்கும். அதன் சத்தத்தைக் கேட்டு ஏமாறவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ஒரே ஆம்ப், குமிழ்கள் நடுவில், ஒரே சின்ன மெட்டு. அதை இரண்டு மூன்று கிட்டாரில் வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேளுங்கள். கம்பி ஃபிரெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பன்னிரண்டாவது ஃபிரெட் பக்கம் பாருங்கள். ரொம்ப உயரமாக இருந்தால் விரல் வலிக்கும். திருகி இறக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

அக்கா மகனைத் திருச்சிக்கு அழைத்துப்போய் இப்படித்தான் உட்காரவைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அவன் கைகாட்டியது நான்கு கம்பி, பாஸிவ், இரண்டு பிக்கப், யாரோ வாசித்துப் பழகிய பழைய கிட்டார். கண்ணைத் திறந்தவன் முகம் வாடிவிட்டது. நாவல்பழ நிறம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மிஞ்சிய பணத்தில் ஒரு செட் ஃபிளாட்வவுண்ட் கம்பியும் டி.ஐ. பாக்ஸும் வாங்கினோம்.

மார்கழியில் போன் செய்தான். "மாமா, இந்தக் கம்பியை எப்ப மாத்தணும்?"

"அறுந்தா சொல்லு" என்றேன்.